பத்துக்கு ரெண்டு

“வலிக்கு மார்க் போடுறாங்களேம்மா, பத்துக்குப் பத்து வாங்கினா பாஸா, ஃபெயிலா?”

கேட்டது கண்டக்டர் அக்காவின் மகள். எட்டு வயது. பார்வையாளர் நேரம் முடிய இன்னும் கால் மணி நேரம் இருந்தது. அம்மாவின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டே, சற்று முன் நடந்ததை அவள் மனதுக்குள் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். மருந்துத் தட்டைத் தள்ளுவண்டியில் வைத்து உருட்டிக்கொண்டு சிஸ்டர் வந்தார். “வலி எப்படி இருக்கு அக்கா? சைபர்னா வலியே இல்ல, பத்துன்னா தாங்கவே முடியல. இப்ப எத்தனை?” என்று கேட்டார். அதுவரை டெப்போவில் யார் யாருக்குள் பேச்சுவார்த்தை இல்லை என்று கதை கேட்டு விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்த அம்மா, சட்டென்று கண்ணை மூடினாள். தலையணையில் சாய்ந்தாள். “ஐயோ, ஐயோ! பத்து சிஸ்டர், பத்து! பதினொண்ணு இருந்தா அதையும் போட்டுக்கங்க” என்றாள்.

கட்டிலின் மறுபக்கம் நின்றிருந்த அப்பா மகளுக்குப் பதில் சொன்னார். “உங்கம்மா பள்ளிக்கூடத்துல எந்தப் பாடத்துலயும் பத்துக்குப் பத்து வாங்கினதில்ல. இதுதான் முதல் தடவை. விடு, சந்தோஷப்பட்டுட்டுப் போகட்டும்.”

“நீங்க வாயை மூடுங்க” என்றாள் கண்டக்டர் அக்கா. அவர் மூடிக்கொண்டார். அவர் ஓட்டும் பஸ்ஸில்தான் அவள் கண்டக்டர். பதினான்கு வருடமாக அவள் விசில் அடித்தால் வண்டியை எடுப்பார், மறுபடி அடித்தால் நிறுத்துவார். வீட்டிலும் பெரிய வித்தியாசம் இல்லை.

“பாஸ்தான்டி செல்லம்” என்றாள் மகளிடம். “நிறைய வாங்கினாத்தான் மாத்திரை சீக்கிரம் வரும்.”

“அப்ப கம்மியா வாங்குறவங்க?” மகள் பக்கத்துக் கட்டிலைப் பார்த்தாள்.

“அவங்களுக்கு வலி கம்மி. அவ்வளவுதான்.”

எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டாள்! பெரியவர்கள் குழந்தைகளுக்குச் சொல்லும் பதில்களில் பாதி இப்படித்தான், கேள்வியை வாசலோடு அனுப்பிவைப்பதற்காகச் சொல்பவை.

கண்டக்டர் அக்கா பொல்லாதவள் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. நல்ல மனுஷி. கோயிலோ வேறு எந்த வழிபாட்டு இடமோ, பஸ் அதைத் தாண்டும்போது விசில் பிடித்த கையாலேயே நெஞ்சைத் தொட்டுக்கொள்வாள். வயதானவர்களை ஏற்றிவிட்டு, அவர்கள் உட்கார்ந்ததைப் பார்த்த பிறகுதான் விசில் அடிப்பாள். ஆனால் அவள் தொழில் அவளுக்கு ஒரு பாடம் சொல்லிக் கொடுத்திருந்தது. நாலு நாள் லீவு வேண்டுமென்றால் எட்டு நாள் என்று எழுத வேண்டும். கூட்டத்தில் இரண்டு பேர் நிற்க இடம் வேண்டுமென்றால், “இன்னும் இருபது பேர் ஏறணும், உள்ள போங்க, உள்ள போங்க!” என்று கத்த வேண்டும். உள்ளதை உள்ளபடி கேட்டவருக்கு அதில் பாதிதான் கிடைக்கும் என்பது அவளது அனுபவம்.

பித்தப்பைக் கல்லை எடுத்த முதல் நாள் சிஸ்டர் கேட்டபோது, உண்மையாகத்தான் “நாலு” என்று சொன்னாள். “சரி அக்கா, வரேன்” என்று போன சிஸ்டர் ஒரு மணி நேரம் கழித்து வந்தார். அடுத்த முறை “பத்து” என்றாள். பறந்து வந்தார். அதோடு முடிந்தது. அதற்குப் பிறகு வலி குறைந்தாலும் எண் குறையவில்லை.

எட்டுக் கட்டில் கொண்ட வார்டு அது. கண்டக்டர் அக்காவுக்கு நாலாவது கட்டில், ஜன்னலை ஒட்டியது. ஐந்தாவது கட்டிலில் இருந்தவளுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். உயரமான கட்டடங்களில் தரைக்கு ஓடு பதிக்கிற வேலை. உள்ளங்கை முழுக்கச் சிமெண்ட் தின்ற வெடிப்புகள். குடல்வால் வெடித்து, வேலை இடத்திலேயே சுருண்டு விழுந்தவளை மேஸ்திரி கொண்டுவந்து சேர்த்துவிட்டுப் போனவர்தான், ஆபரேஷனுக்குப் பிறகும் எட்டிப் பார்க்கவில்லை. அவள் பேசிய மொழி வார்டில் ஒருவருக்கும் தெரியாது. டாக்டருக்குத் தெரியாது, சிஸ்டருக்குத் தெரியாது, எல்லாம் தெரிந்த பெரிய சிஸ்டருக்கும் தெரியாது.

அதற்காக ஆஸ்பத்திரியில் ஒரு போன் ஏற்பாடு இருந்தது. தினமும் காலையில் டாக்டர் அம்மா போனைக் கட்டிலில் வைப்பார். எங்கோ உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதர், டாக்டர் கேட்பதை அவள் மொழியில் சொல்லி, அவள் சொல்வதைத் தமிழில் திருப்பிச் சொல்வார். சாப்பிட்டாயா, வாந்தி உண்டா, வெளிக்குப் போனாயா, வலி எத்தனை? கேட்டதற்கெல்லாம் பதில் வந்தது. கேட்காததற்கு வரவில்லை.

வலிக்கு அவள் சொன்ன எண் எப்போதும் ஒன்றுதான். போன் இல்லாத நேரத்தில் சிஸ்டர் பத்து விரலை விரித்துக் காட்டி, முகத்தைச் சுளித்து, வயிற்றைத் தொட்டுக் காட்டுவார். அவள் சிரித்துக்கொண்டே இரண்டு விரலை உயர்த்துவாள்.

“தங்கமான பேஷண்ட்” என்பார் சிஸ்டர். “நாலாம் நம்பர் அக்கா, பார்த்துக் கத்துக்கங்க.”

“அவளுக்குச் சின்ன ஓட்டை. எனக்கு உள்ள குவாரியே இருந்துச்சு” என்பாள் கண்டக்டர் அக்கா.

வார்டே அவர்களுக்குப் பேர் வைத்துவிட்டது. பத்து, ரெண்டு. “பத்து தூங்குதா?” “ரெண்டு டீ குடிச்சாச்சா?” என்று ஒன்றாம் கட்டிலிலிருந்து எட்டாம் கட்டில் வரை பேசிக்கொண்டார்கள்.

பத்தும் ரெண்டும் ஒரு வார்த்தைகூடப் புரியாமலே நல்ல சிநேகிதமாகிவிட்டார்கள். கண்டக்டர் அக்கா தமிழிலேயே பேசுவாள், கொஞ்சம் சத்தமாக. சத்தமாகப் பேசினால் எந்த மொழிக்காரருக்கும் புரியும் என்பது பஸ்ஸில் கற்றுக்கொண்டது. ரெண்டு தன் மொழியில் மெதுவாகப் பதில் சொல்வாள். வயிற்றிலிருந்து எடுத்த கற்களைச் சின்ன டப்பாவில் போட்டுக் கொடுத்திருந்தார்கள். கண்டக்டர் அக்கா அதை வருகிறவர் போகிறவர் எல்லோருக்கும் காட்டுவாள். ரெண்டுவிடம் காட்டியபோது அவள் ஒரு கல்லை உள்ளங்கையில் வைத்து உருட்டினாள், நகத்தால் தட்டிப் பார்த்தாள், வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். பிறகு முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு, இது தரைக்கு ஆகாது என்பதுபோல் தலையாட்டினாள். இருவரும் தையல் இழுக்கும்வரை சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் ரெண்டு, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். வெட்கம் போலிருக்கிறது என்று கண்டக்டர் அக்கா நினைத்தாள்.

நாலாம் நாள் காலை டாக்டர் அம்மா வந்தார். சின்ன வயது, ஓயாத வேலை, கழுத்தில் மாட்டிய ஸ்டெதஸ்கோப் குழாய் எப்போதும் ஒரு பக்கம் இறங்கியிருக்கும். போனில் கேள்விகள் கேட்டார். “ரெண்டுன்னு சொல்றாங்க” என்றது போன். காய்ச்சல் இல்லை, நேரத்துக்கு நேரம் மாத்திரை போய்க்கொண்டிருந்தது. நாடித் துடிப்பு மட்டும் கொஞ்சம் அதிகம். புது இடம், தெரியாத முகங்கள், பயத்தில் இருக்கும் என்றார்கள்.

“நாளைக்குக் காலையில வீட்டுக்குப் போகலாம்” என்றார் டாக்டர் அம்மா. போன் அதை மொழிபெயர்த்தது. ரெண்டு கைகூப்பினாள்.

அன்று மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வார்டு அடங்கியது. கண்டக்டர் அக்காவும் கண்ணை மூடியிருந்தாள், ஆனால் தூங்கவில்லை. கட்டில் கம்பி கிறீச்சென்று முனகுகிற சத்தம் கேட்டது. ஓரக்கண்ணால் பார்த்தாள்.

ரெண்டு, கட்டிலின் பக்கக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். விரல்கள் வெளுத்திருந்தன. போர்வையின் ஒரு முனை அவள் வாய்க்குள் இருந்தது. கழுத்தில் வியர்வை வழிந்தது. சத்தம் மட்டும் இல்லை. பதினான்கு வருடத்தில் பஸ்ஸில் மயங்கி விழுந்தவர்களையும், பாதி வழியில் பிள்ளைவலி கண்டவர்களையும் பார்த்தவள் கண்டக்டர் அக்கா. இது இரண்டு இல்லை என்று அவளுக்குத் தெரிந்தது.

அப்போது தள்ளுவண்டியின் சக்கரச் சத்தம் கேட்டது. ரெண்டு போர்வையை வாயிலிருந்து எடுத்தாள். முகத்தைத் துடைத்தாள். கம்பியை விட்டாள். சிஸ்டர் வந்து நின்றபோது சிரித்தபடி இரண்டு விரலை உயர்த்தினாள்.

சிஸ்டர் ஒரு சின்னக் காகிதக் கிண்ணத்தில் மாத்திரையைப் போட்டுக் கொடுத்துவிட்டு நகர்ந்தார்.

கண்டக்டர் அக்கா எழுந்து உட்கார்ந்தாள். “ஏன்டி?” என்றாள். கையை விரித்து, அவள் வயிற்றைக் காட்டி, கம்பியைக் காட்டி, இரண்டு விரலைக் காட்டி, மறுபடியும் “ஏன்டி இப்படிப் பொய் சொல்றே?” என்றாள்.

ரெண்டு முதலில் ஒன்றுமில்லை என்பதுபோல் கையசைத்தாள். கண்டக்டர் அக்கா விடவில்லை. விட்டால் அவள் கண்டக்டர் இல்லை. கடைசியில் ரெண்டு நடித்துக் காட்டினாள். எட்டாம் கட்டிலை நோக்கிப் போய்க்கொண்டிருந்த வண்டியைக் காட்டி, அதிலிருந்த தட்டை இரு கையாலும் வட்டமாக வரைந்தாள். ஒரே ஒரு விரலை உயர்த்தினாள். ஒரு தட்டு. பிறகு கட்டில்களை ஒவ்வொன்றாகச் சுட்டி எண்ணினாள். எட்டுப் பேர். அப்புறம் கண்ணை மூடி, தலையணையில் சாய்ந்து, “ஐயோ, ஐயோ! பத்து சிஸ்டர், பத்து!” என்றாள். தமிழில். கண்டக்டர் அக்காவின் குரலிலேயே, இழுப்பு மாறாமல்.

எதிர்க் கட்டிலில் யாரோ சிரித்தார்கள். கண்டக்டர் அக்காவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் ரெண்டு இன்னும் முடிக்கவில்லை. அவள் தன் பத்து விரலையும் விரித்தாள். அதில் எட்டைக் கொத்தாகப் பிடித்து எடுப்பதுபோல் காட்டி, நாலாம் கட்டில் பக்கமாக வைத்தாள். பிறகு மிச்சமிருந்த இரண்டை உயர்த்தித் தன் நெஞ்சில் தொட்டுக்கொண்டாள். எனக்கு இது போதும்.

கண்டக்டர் அக்கா சிரிப்பை நிறுத்திவிட்டு, அந்த எட்டை வைத்த இடத்தைப் பார்த்தாள்.

மருந்து அந்தத் தட்டோடு முடிந்துவிடும் என்று இவள் நினைத்திருக்கிறாள். பெரிய எண் சொன்னால் பெரிய பங்கு. பக்கத்தில் ஒருத்தி பத்து பத்து என்று துடிக்கிறாள், பின்னால் இன்னும் மூன்று கட்டில் இருக்கிறது, எனக்கு இரண்டு போதும் என்று நாலு நாளாகப் போர்வையைக் கடித்துக்கொண்டு கிடந்திருக்கிறாள். யாருக்காக? வலியே இல்லாமல் பத்து சொன்னவளுக்காக.

“சிஸ்டர்!” என்று கூப்பிட்டாள் கண்டக்டர் அக்கா. நெரிசல் நேரத்துக் குரல். மூன்று பேர் தூக்கத்திலிருந்து எழுந்தார்கள். “சிஸ்டர், இவளுக்கு வலி ரெண்டு இல்ல. ரொம்ப இருக்கு. வேணும்னே குறைச்சுச் சொல்றா.”

சிஸ்டர் வண்டியை விட்டுத் திரும்பி வந்தார். சிரித்தார். “ஏன் அக்கா, உங்களுக்குத்தான் பத்து. அவங்களுக்கும் சேர்த்து நீங்களே மார்க் போட ஆரம்பிச்சுட்டீங்களா?”

“நிஜமாத்தான் சொல்றேன்.”

“அவங்களே ரெண்டுன்னு சொல்றாங்களே.”

“பத்து சொன்னா எல்லாமே பத்துதான் சிஸ்டர்” என்றது ஏழாம் கட்டில். “நேத்து டீ சூடு இல்லைன்னுகூட உயிர் போற மாதிரி கத்துச்சு.” வார்டு முழுக்கச் சிரித்தது. அதில் விஷம் இல்லை. அவளோடு சேர்ந்து நாலு நாளாகச் சிரித்த சிரிப்புதான்.

கண்டக்டர் அக்கா ரெண்டுவைப் பார்த்தாள். நாளைக் காலை இவளை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். பன்னிரண்டாவது மாடியில் குனிந்து ஓடு பதிக்கப் போய்விடுவாள். அங்கே கம்பியைப் பிடித்துக்கொள்வாள், போர்வை இருந்தால் கடித்துக்கொள்வாள். கண்டக்டர் அக்காவின் குரலைக் கேட்டால் ஒரு பஸ்ஸே நகர்ந்து வழிவிடும். ஆனால் இங்கே அந்தக் குரலுக்கு எடை இல்லாமல் போய்விட்டது. போக்கியது வேறு யாருமில்லை.

மனிதர்களுக்குக் கடவுள் சில நேரம் பெரிய பெரிய தியாகம் எதுவும் கேட்பதில்லை. எட்டுப் பேர் முன்னால் கொஞ்சம் வெட்கப்படச் சொல்கிறார். அது சில பேருக்கு மலையைப் புரட்டுவதைவிடக் கஷ்டம்.

“சிஸ்டர்” என்றாள் அவள். குரலைத் தணித்துச் சொல்லத்தான் பார்த்தாள், பழக்கமில்லாததால் எல்லோருக்கும் கேட்டது. “எனக்குத்தான் ரெண்டு. மூணு நாளாவே ரெண்டுதான். பத்துன்னு சொன்னா ஓடி வர்றீங்கன்னு சொன்னேன். அத்தனையும் பொய். பிள்ளை சத்தியமாப் பொய். இனி நான் எந்த நம்பர் சொன்னாலும் நீங்க வர வேணாம். இவ வயித்தை மட்டும் ஒரு தடவை கை வச்சுப் பாருங்க.”

ஏழாம் கட்டில் எழுந்து உட்கார்ந்தது.

சிஸ்டர் கையைத் துடைத்துக்கொண்டார். பிறகு ஐந்தாம் கட்டிலின் பக்கத்தில் உட்கார்ந்து, போர்வையை விலக்கி, உள்ளங்கையை மெதுவாக வைத்தார். ரெண்டு சிரித்தபடியே இருந்தாள். ஆனால் கை வலது பக்கம் இறங்கியதும் அவள் கால் விரல்கள் தாமாகச் சுருண்டன. சிஸ்டர் அந்தக் கால் விரல்களைப் பார்த்தார்.

“போனை எடுத்துட்டு வரேன்” என்றார்.

போனில் இந்த முறை எத்தனை என்று கேட்கவில்லை. ஏன் இரண்டு என்று கேட்டார்கள். ரெண்டு நீளமாகப் பேசினாள். போனில் இருந்தவர் அதைத் தமிழில் சொன்னார். “அவங்க தங்கியிருக்கிற இடத்துல பன்னெண்டு பேராம். ஒரு பாத்திரத்துல சாப்பாடு வரும், வரிசையா எடுக்கணும். நடுவுல நிக்கிறவ நிறைய எடுத்தா, அவளுக்கு அப்புறம் நிக்கிறவளுக்கு இல்லையாம். ‘நான் அஞ்சாவது கட்டில். எனக்குப் பின்னால மூணு பேர். பக்கத்துல ஒரு அக்கா ரொம்பத் துடிக்கிறாங்க. நான் எப்படி நிறையக் கேட்கிறது?’ன்னு சொல்றாங்க.”

“மருந்து எல்லாருக்கும் வேணும்கிற அளவு இருக்குன்னு சொல்லுங்க” என்றார் சிஸ்டர்.

போன் சொன்னது. ரெண்டு தலையாட்டி நன்றி சொன்னாள். பிறகு மறுபடி இரண்டு விரலை உயர்த்தினாள்.

“நம்பலையா?” என்றார் சிஸ்டர்.

“எப்படி நம்புவா?” என்றாள் கண்டக்டர் அக்கா. “வீட்டுக்கு வந்தவங்ககிட்ட, உள்ள நிறைய இருக்கு, கூச்சப்படாம வாங்கிக்கங்கன்னு எல்லாரும்தான் சொல்றோம். பாத்திரத்தைத் திறந்து காட்டாம எந்த மானமுள்ளவ வாங்குவா? காட்டிடுங்க சிஸ்டர்.”

வார்டின் கடைசியில், பூட்டிய இரும்பு அலமாரியில் மருந்து இருந்தது. அதன் சாவி பெரிய சிஸ்டரின் இடுப்பில் இருந்தது. இருபது வருடமாக அந்த அலமாரியை ஒரு நோயாளி முன்னால் அவர் திறந்ததில்லை. சத்தம் கேட்டு வந்து நின்றவரிடம் விஷயத்தைச் சொன்னார்கள்.

“சட்டத்துல இடமில்ல” என்றார் பெரிய சிஸ்டர்.

“தொட மாட்டா. பார்க்கத்தான்” என்றாள் கண்டக்டர் அக்கா.

“நீ பேசாதே. உன் கணக்கை அப்புறம் வச்சுக்கிறேன்.” பெரிய சிஸ்டர் ரெண்டுவின் பக்கம் திரும்பினார். அவள் நெற்றியைத் துடைத்துவிட்டார். துடைத்த துணி நனைந்திருந்ததைப் பார்த்தார். சாவிக்கொத்தை இடுப்பிலிருந்து கழற்றினார். “சக்கர நாற்காலியைக் கொண்டா. பார்க்கக் கூடாதுன்னு எங்கயும் எழுதலை, எடுக்கக் கூடாதுன்னுதான் எழுதியிருக்கு.”

அலமாரியின் இரண்டு கதவும் திறந்தன. மேல் தட்டிலிருந்து கீழ்த் தட்டு வரை அட்டைப் பெட்டிகள், சீசாக்கள், ஊசி மருந்துகள், இடுக்கில்லாமல். ரெண்டு அண்ணாந்து பார்த்தாள். ஒவ்வொரு தட்டாகக் கீழே இறங்கி வந்தது அவள் பார்வை. பெரிய சிஸ்டர் ஒரு பெட்டியைத் தூக்கி, அதற்குப் பின்னால் இன்னொரு பெட்டி இருப்பதைக் காட்டினார். அதையும் தூக்கி, அதற்குப் பின்னால் இன்னொன்று. அப்புறம் வார்டு முழுவதையும் கையால் ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டி, வயிறு நிறைந்தவரைப் போல் தன் வயிற்றைத் தட்டிக் காட்டினார். பெரிய சிஸ்டர் நடித்து அன்றுதான் வார்டு பார்த்தது.

ரெண்டு சிரித்தாள். சிரிப்பு பாதியில் அழுகையாக மாறியது. இரண்டு கையையும் உயர்த்தினாள். ஒன்பது விரல்கள். ஒன்றை மட்டும், பழக்க தோஷம் போல, மடக்கியே வைத்திருந்தாள்.

டாக்டர் அம்மா ஓடி வந்தார். கழுத்துக் குழாய் நழுவிக் கீழேயே விழுந்தது. ஸ்கேன் எடுத்தார்கள். வயிற்றுக்குள் சீழ் கட்டியிருந்தது. அன்று சாயங்காலமே சின்னக் குழாய் ஒன்றை வைத்து அதை வெளியே எடுத்தார்கள். “இன்னும் ரெண்டு நாள் போயிருந்தா, என்னால எதுவும் சொல்ல முடியாது” என்றார் டாக்டர் அம்மா. யாரிடமும் குறிப்பாகச் சொல்லவில்லை. ஆனால் சொல்லிவிட்டு நாலாம் கட்டிலின் கால்மாட்டைக் கையால் ஒருமுறை தொட்டுவிட்டுப் போனார்.

மறுநாள் முற்பகலில் ரெண்டு வார்டுக்குத் திரும்பி வந்தாள். கட்டிலோடு உருட்டிக்கொண்டு வந்தார்கள். “வழி விடுங்க, வழி விடுங்க, உள்ள போங்க!” என்று நாலாம் கட்டிலிலிருந்து குரல் வந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். ரெண்டுவின் முகம் வெளுத்திருந்தாலும் தெளிந்திருந்தது. சிஸ்டர் கேட்டதும் நான்கு விரலை உயர்த்தினாள். கொடுத்ததை வாங்கி விழுங்கினாள். பிறகு நாலாம் கட்டிலைக் காட்டி, அவளுக்கு எத்தனை என்று கண்ணால் கேட்டாள்.

“அக்கா, உங்களுக்கு எத்தனை?” என்றார் சிஸ்டர்.

“இனிமே வர வேணாம்னு சொன்னேனே.”

“சும்மா சொல்லுங்க. நாலு நாளா நீங்க சொன்னதுல ஒண்ணாவது நிஜமா எழுதிக்கிறேன்.”

“ஒண்ணரை.”

“அரையெல்லாம் கிடையாது.”

“அப்ப ஒண்ணு. அரையை அந்த ஏழாம் கட்டிலுக்குப் போட்டுடுங்க. நேத்து என்னைப் பார்த்துச் சிரிச்சுதுல்ல?”

வார்டு பழையபடி ஆகிவிட்டது. கண்டக்டர் அக்காவும் பழையபடிதான் பேசினாள், கற்களைக் காட்டினாள், போனில் டிரைவர் கணவரை அதட்டினாள். அவளை மறுநாள் வீட்டுக்கு அனுப்புவதாகச் சொல்லிவிட்டார்கள். மகிழ்ச்சியாக இருக்க வேண்டியவள், அவ்வப்போது பேச்சை நிறுத்திவிட்டு ஐந்தாம் கட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உயிரைக் காப்பாற்றிவிட்டாய் என்று வந்தவர்கள் எல்லோரும் அவளைப் புகழ்ந்தார்கள். அவளுக்கோ அந்தப் புகழ் இடுப்பில் சரியாக நிற்காத துணி மாதிரி இருந்தது. நாலு நாளாக ஒருத்தி தன் ஆறுதலில் பெரும்பங்கை எடுத்து இவள் பக்கம் வைத்திருந்தாள். கேட்காமல் வைத்தாள். இவளும் வாங்கிக்கொண்டாள். வாங்கியது தெரியாது என்பது உண்மை. ஆனால் வாங்கவே இல்லை என்று ஆகிவிடுமா?

ரெண்டு அன்று மதியம் தூங்கிக்கொண்டிருந்தாள். கண்டக்டர் அக்காவின் தண்ணீர் பாட்டில் மூடி கைதவறி உருண்டு ஐந்தாம் கட்டிலுக்கு அடியில் போனது. எடுக்கக் குனிந்தபோது ஒரு பிளாஸ்டிக் பை கண்ணில் பட்டது. வாய் திறந்து கிடந்த அதிலிருந்து புளித்த வாடை வந்தது. ரெண்டு விழுந்த அன்று உடுத்தியிருந்த உடுப்பு. சிமெண்ட், வாந்தி, விழுந்த அடியில் வந்த ரத்தம், எல்லாம் காய்ந்து துணியோடு துணியாக ஒட்டியிருந்தது. மாற்றுடுப்பு கொண்டுவர அவளுக்கு யாருமில்லை. ஆஸ்பத்திரி அங்கியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, இதைப் போட்டுக்கொண்டுதான் அவள் வெளியே போக வேண்டும். பஸ்ஸில் ஏறினால் பக்கத்தில் இருப்பவர்கள் நகர்ந்து உட்காருவார்கள். அது எப்படி இருக்கும் என்று கண்டக்டரைவிட யாருக்குத் தெரியும்?

அவள் நிமிர்ந்து பார்த்தாள். ஜன்னல் திரைகள் இறக்கியிருந்தன. மற்ற ஏழு கட்டிலும் உறங்கின. சிஸ்டர் வார்டுக் கோடியிலிருந்த மேஜையில் முதுகைக் காட்டிக்கொண்டு ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். கண்டக்டர் அக்கா பையைப் போர்வைக்குள் மறைத்து எடுத்துக்கொண்டு, வீட்டிலிருந்து வந்த சோப்புக்கட்டியோடு குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டாள்.

தண்ணீர் சத்தம் கேட்கக் கூடாது என்று குழாயை நூலிழையாகத் திறந்தாள். வாளி நிறையவே நேரமானது. குனிந்து முதல் கசக்குக் கசக்கியபோது தையல் சுரீரென்று இழுத்தது. சுவரைப் பிடித்துக்கொண்டாள். வாய் தானாகத் திறந்தது. அவள் அதை மூடினாள். மூன்று தண்ணீர் மாற்றினாள், முதல் தண்ணீர் சேறாகவும், இரண்டாவது சிவப்பாகவும், மூன்றாவது கொஞ்சம் கலங்கலாகவும் போனது. நாலாவது முறையும் அலசினாள். ஒவ்வொரு முறை பிழியும்போதும் வயிற்றுக்குள் யாரோ கத்தி வைப்பது போலிருந்தது. பித்தப்பையை எடுத்த அன்றுகூட அப்படி வலித்ததில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டாள், அவ்வளவுதான்.

குளியலறைக்குப் பின்னால் வெயில் விழுகிற ஜன்னல் கம்பி ஒன்று இருந்தது. அதில் விரித்துப் போட்டு, மேலே தன் துண்டைப் போர்த்திவிட்டாள், யாராவது பார்த்தால் துண்டுதான் தெரியும். சாயங்காலம் எடுத்தபோது துணி மொடமொடவென்று காய்ந்து சோப்பு வாசனை வீசியது. நீவி மடித்துத் தன் தலையணைக்குக் கீழே வைத்து அதன்மேல் தலையை வைத்துப் படுத்துக்கொண்டாள். சுருக்கம் போக வேறு வழியில்லை.

விடிந்ததும் கண் விழித்தாள். ஜன்னலில் வெளிச்சம் வர ஆரம்பித்திருந்தது. வார்டு தூங்கியது. ரெண்டு நிம்மதியாக, வாய் லேசாகத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். கண்டக்டர் அக்கா செருப்புப் போடாமல் இறங்கினாள். டிரைவர் கொண்டுவந்திருந்த ஒரு புதுப் பையில் உடுப்பை வைத்து, ஐந்தாம் கட்டிலுக்கு அடியில் பழைய பை இருந்த இடத்திலேயே வைத்தாள். தலைமாட்டில் நின்று ஒரு நிமிடம் கண்ணை மூடி உதடு அசையாமல் ஏதோ வேண்டிக்கொண்டாள். பிறகு வந்த வழியே போய்த் தன் கட்டிலில் படுத்து, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.